குப்புற வைத்த போன்கள்

போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், எங்கள் ஒபிஸில் ஒரு தங்கச்சியின் பின்னால் நான் சும்மா நடந்து போனேன். என் நிழல் பட்டதும் போனைக் குப்புற வைத்துவிட்டாள். காதல் விவகாரமாக இருக்கும் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் இன்னொரு பையன், அதே மாதிரி, டக்கென்று குப்புற. அந்த வாரத்துக்குள் நாலு பேர். ஒரே ஒபிஸில் ஒரே வாரத்தில் நாலு பேருக்குக் காதல் வருமா என்ன? பிறகுதான் தெரிந்தது, நாலு பேரும் வெளிநாட்டு ஏஜென்டுக்குப் போக வேண்டிய ஈமெயிலை சட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுடையது கொழும்புக் கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு கிளியரிங் கம்பெனி. 38 பேர். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து இறக்குமதியாளரின் ஸ்டோர்ஸுக்கு அனுப்பி வைப்பது வேலை. பெட்டாவில் சுமை தூக்கும் நாட்டாமைமார் வண்டியில் தள்ளிக்கொண்டு போகிற பெட்டிகளில் சிலதாவது எங்கள் பைல் வழியாக வந்ததாக இருக்கும். நான் அங்கே ஒபரேஷன்ஸ் மனேஜர். கொம்பியூட்டர் படித்தவன் இல்லை, துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் பைல் கொண்டு அலையும் வார்ஃப் கிளார்க்காகச் சேர்ந்து மேலே வந்தவன். ஏஐ விஷயத்தில் எனக்கு எந்த விசேஷ ஞானமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றரை வருஷத்தில் நான் செய்த பிழைகள் எல்லாம் தொழில்நுட்பம் தெரியாததால் வந்தவை இல்லை.

சட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அந்த வருஷம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றோம், டொலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடந்தன. உலகம் அதிசயித்த விஷயம் எங்கள் ஒபிஸுக்குள் எப்போது நுழைந்தது என்று எனக்கே தெரியாது. யாரும் வாங்கவில்லை, யாரும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளைகளின் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதெல்லாம் தெரியாத எங்கள் முதலாளி ஒரு நாள் காலி முகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்து என்னைக் கூப்பிட்டார். “ஐசே, நாங்களும் ஏஐ போட வேணும். நீர்தான் பொறுப்பு.” ஏதோ ஏசி போடுகிற மாதிரி. நானும் “சரி சேர்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதலாவது பிழை, நான் ஒரு தடை போட்டேன். காரணம் இருந்தது. மத்திய கிழக்கிலிருந்து திரும்புகிற ஒருவருடைய சாமான் பெட்டிகளை நாங்கள் விடுவித்துக் கொடுத்தோம். அவருடைய பாஸ்போர்ட் கொப்பியை எங்கள் பையன் ஒருவன் அப்படியே படம் பிடித்து சட்ஜிபிடியில் போட்டு, படிவத்துக்கான விபரத்தை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறான். தற்செயலாகக் கண்டேன், எனக்கு வேர்த்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பது அவனுக்கு மட்டுமில்லை, எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2023இல் சாம்சங் கம்பெனியிலேயே பொறியியலாளர்கள் இரகசிய மென்பொருள் நிரலை சட்ஜிபிடிக்குள் போட்டு, அந்த வருஷம் மே மாதம் கம்பெனி அதற்குத் தடை போட்ட கதையை எங்கேயோ வாசித்த ஞாபகம் வந்தது. சாம்சங்கே தடை போட்டால் நான் யார்? மூன்று மொழியிலும் சுற்றறிக்கை அடித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, வட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்.

என்ன நடந்தது? முன்பு போனைக் குப்புற வைத்தார்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வொஷ்ரூமுக்குப் போனார்கள். (சத்தியமாகச் சொல்கிறேன், வொஷ்ரூமுக்குப் போய் வந்த பிறகு ஈமெயிலின் ஆங்கிலம் திருந்தியிருந்தது.)

இரண்டாவது பிழை இன்னும் செலவானது. தடை சரிவராது என்று புரிந்ததும், காசு கட்டி முறையான ஏஐ கணக்கு வாங்கினால் தரவும் பாதுகாப்பாக இருக்கும், முதலாளிக்கும் திருப்தி என்று 15 பேருக்கு எடுத்தோம். பயிற்சிக்கு ஒருவரைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் காட்டிய உதாரணங்கள் எல்லாம் விளம்பர வாசகம் எழுதுவது, விடுமுறைப் பயணம் திட்டமிடுவது. எங்கள் ஆட்களின் தலைவலி வேறு. பெக்கிங் லிஸ்ட்டும் இன்வொய்ஸும் பொருந்தாது, டிலிவரி ஓடர் நேரத்துக்கு வராது, டெமரேஜ் (சரக்கு எடுக்கத் தாமதமானால் கட்டும் காசு) ஏறிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் போனில் கத்துவார். பயிற்சி முடிந்து பட்டிஸும் பிளேன்டீயும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். ஒரு மாதம் கழித்து கணக்கைப் பார்த்தேன். 15 பேரில் 3 பேர் உள்ளே போயிருந்தார்கள், அதில் ஒருவன் நான்.

ஆனால் சொந்தப் போனில் மட்டும் பாவனை குறையவே இல்லை! இதுதான் என்னை யோசிக்க வைத்தது. பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் கோட் வந்தபோது த்ரீவீல்காரர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? ஒரு சில கிழமைக்குள் அறுபது வயது ஐயாமார்கூட போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தேவை இருந்தால் ஆள் தானாகப் படிப்பான். எங்கள் பிள்ளைகளும் படித்துத்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஏஐ இல்லை. தெரியாதது, தாங்கள் அதைப் பாவிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்பது.

இதை எனக்கு வாய்விட்டுச் சொன்னது அந்த முதல் நாள் போனைக் குப்புற வைத்த தங்கச்சிதான். ஒரு நாள் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எல்லோரும் போன பிறகு, பயப்படாமல் சொல்லம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “சேர், மூண்டு மணித்தியால வேலையை நான் முக்கால் மணித்தியாலத்தில முடிச்சா மிச்ச நேரத்துக்கு என்ன நடக்கும்? இன்னொருத்தர்ட பைலும் என்ர மேசைக்கு வரும். இல்லாட்டி அந்த இன்னொருத்தரை வீட்டுக்கு அனுப்புவீங்கள். நான் ஏன் சொல்லோணும்?”

என்னிடம் பதில் இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன், அந்தக் கேள்வியை யோசித்தபடி. அவள் கணக்கு சரி. 2022இல் சம்பளம் பாதியாக வெட்டப்பட்ட, கூட இருந்தவர்கள் கனடாவுக்கும் கட்டாருக்கும் போய்விட்ட ஒபிஸ் இது. “மாற்றத்தை அரவணைப்போம்” என்று போஸ்டர் அடித்து ஒட்டினால் யார் நம்புவார்கள்?

முதலாளியிடம் போனேன். ஏஐயால் மிச்சப்படுகிற நேரத்தைக் காரணம் காட்டி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஐசே, காசு மிச்சப்படுத்தத்தானே இதைச் செய்யுறம்?” நியாயமான கேள்விதான், அவர் தர்மஸ்தாபனம் நடத்தவில்லை. நான் சொன்னேன், சேர், இப்பவும் நேரம் மிச்சப்படுகிறது, ஆனால் அது எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. முதலில் அது வெளியே வரட்டும். மூன்று நாள் இழுபறி. கடைசியில் ஒரு வருஷத்துக்கு மட்டும் சம்மதித்தார். “எப்போதும்” என்று பூசி மெழுகாமல் ஆட்களிடம் அதை அப்படியே சொன்னேன்: ஒரு வருஷம், இன்ன தேதி வரைக்கும், அதற்குப் பிறகு என்னால் இப்போது எதுவும் சொல்ல முடியாது. முகங்கள் சுருங்கின, ஆனால் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். முடிவுத் தேதி போட்ட வாக்குறுதியை எங்கள் ஆட்கள் கொஞ்சம் நம்புவார்கள், எல்சி மாதிரி, அதுவும் வங்கி முடிவுத் தேதி போட்டுத் தரும் பணப் பொறுப்புக் கடிதம்தானே.

பழைய சுற்றறிக்கையைக் கிழித்தேன். புதிதாக மூன்றே விஷயம் சொன்னேன். பாஸ்போர்ட், அடையாள அட்டை, வாடிக்கையாளரின் விலை விபரம் எதுவும் சொந்தப் போனில் போகக்கூடாது. எதற்குப் பாவித்தாலும் ஒளிக்க வேண்டாம். யார் கையெழுத்து வைக்கிறாரோ அவருடையதுதான் பிழையும், “ஏஐ சொன்னது” என்பது காரணமாகாது. இந்த மூன்றாவதற்கு நான் காட்டிய உதாரணம் எயார் கனடா வழக்கு. பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு அந்த விமானக் கம்பெனியின் சட்பொட் கட்டணச் சலுகை பற்றிப் பிழையாகச் சொன்னது. சட்பொட் தனக்குத்தானே பொறுப்பான தனி ஆள் மாதிரி என்றுகூட கம்பெனி வாதாடிப் பார்த்தது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் உடனே புரியும். சுங்கத்துக்குக் கொடுக்கும் கஸ்டெக் படிவத்தில் பிழை இருந்தால் சுங்க அதிகாரி “யார் டைப் பண்ணினது” என்று கேட்க மாட்டார், பேர் யாருடையதோ அவரைத்தான் பிடிப்பார்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது.

மலையகத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலை பார்த்திருந்தால் கூரைக்கடியில் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டும் அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் பெல்ட்டும் கவனித்திருப்பீர்கள். ஒரே எஞ்சின், ஒரே தண்டு, எல்லா மெஷினும் அதைச் சுற்றி. அமெரிக்காவில் மின்சாரம் வந்தபோது முதலாளிமார் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள், தண்டும் பெல்ட்டும் அப்படியே. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. போல் டேவிட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1990இல் இதை விளக்கினார்: எடிசனின் மின்நிலையம் நியூயோர்க்கில் தொடங்கியது 1882இல், ஆனால் 1900இல்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஓட்டிய சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு, உற்பத்தித்திறன் உண்மையில் பாய்ந்தது 1920களில். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வைத்து, தொழிற்சாலையின் அமைப்பையே மாற்றிய பிறகு. நாங்கள் செய்ததும் அதுதான், பழைய தண்டில் புது மோட்டார். 15 பேருக்குக் கணக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பைல் போகிற வழியை மாற்றவே இல்லை. ஓர் இன்வொய்ஸ் எங்கள் ஒபிஸில் ஐந்து மேசைக்குப் போகிறது, அதே விபரத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் டைப் பண்ணுகிறார்கள். அதை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஐந்து மேசையில் இரண்டை உருவாக்கியது நான்.

எங்கள் ஒபிஸில் மூத்த வார்ஃப் கிளார்க் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். எச்எஸ் கோட் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தெரியாதவர்களுக்கு: உலகத்தில் விற்கிற வாங்குகிற எல்லாப் பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு, முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, இலங்கையில் 8 இலக்கம் வரை போகும். அந்த இலக்கத்தில்தான் தீர்வை எவ்வளவு என்பதே இருக்கிறது. கோட் மாறினால் இலட்சக்கணக்கில் மாறும், சில நேரம் தண்டப்பணமும்.

ஒரு நாள் தார்ப்பாய் கொள்கலன் ஒன்று. பையன் ஏஐயிடம் கேட்டான், அது கொஞ்சமும் தயங்காமல் பிளாஸ்டிக், 39ஆம் அத்தியாயம் என்று கோட்டைக் கொடுத்து ஒரு பந்தி விளக்கமும் எழுதியது. நானா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பதில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவர் ஒரு கேள்வியும் கேக்கல்லயே.” என்ன கேள்வி? தார்ப்பாயை நெய்திருக்கும் பிளாஸ்டிக் பட்டியின் அகலம் எவ்வளவு என்ற கேள்வி. 5 மில்லிமீற்றருக்கு மேலே என்றால் அது பிளாஸ்டிக். அதற்குக் குறைவு என்றால் நெசவுப் பொருளின் பக்கம் போகும், அதற்குப் பிறகும் மேலே பூச்சு இருக்கிறதா, எந்த மாதிரி என்று பார்க்க வேண்டும். மாதிரித் துண்டை எடுத்து அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது, ஏஐயும் வாசித்துத்தான் இருக்கும். ஆனால் அளவுகோலை எடு என்று அது சொல்லவில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். கோட் என்ன என்று ஏஐயிடம் கேட்பதில்லை. இந்தப் பொருளுக்கு கோட் முடிவு செய்ய இறக்குமதியாளரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று கேட்கிறோம். வருகிற பட்டியலை நானா பார்த்து வெட்டுவார், கூட்டுவார். ஆச்சரியம் என்னவென்றால், இதில் அது நன்றாகவே செய்கிறது. முன்பு நானாவிடம் போய்த் திட்டு வாங்கிப் படித்த கேள்விகளைப் பிள்ளைகள் இப்போது அவரிடம் போவதற்கு முன்பே தயாரித்துக்கொண்டு போகிறார்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் எனக்கு உறுத்தத் தொடங்கியது. ஸ்டான்போர்ட், எம்ஐடி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்யும், பெரும்பாலும் பிலிப்பைன்ஸில் இருக்கும், 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ஏஐ உதவியால் சராசரி 14 சதவீதம் கூடுதல் வேலை நடந்தது, புதியவர்களுக்கு 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. ஏன்? அந்த ஏஐ, கெட்டிக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் படித்துத்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கெட்டிக்காரரின் வித்தை மற்றவர் கைக்குப் போனது, கெட்டிக்காரருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் நானாவிடம் அட்டை கிழிந்த 11 கொப்பிகள் இருக்கின்றன. எந்தப் பொருளுக்கு எந்த வருஷம் எந்த கோட், எதில் தகராறு வந்தது, எப்படி முடிந்தது, எல்லாம் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த கையெழுத்தில். முதலாளிக்கு அதைக் கண்டதும் கண் மின்னியது. ஸ்கேன் பண்ணி ஏஐக்குக் கொடுத்துவிடலாமே என்றார். நானா ஒன்றும் சொல்லவில்லை, கொப்பிகளை அன்று பின்னேரமே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். குப்புற வைத்த போனும் கொண்டுபோன கொப்பியும் ஒரே காரணத்தால்தான் என்று முதலாளிக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. இப்போது பேச்சு நடக்கிறது. கொப்பிகளுக்கு ஒரு தொகை, 60 வயதுக்குப் பிறகும் ஆலோசகராக கிழமைக்கு இரண்டு நாள். தொகையில்தான் இழுபறி. நான் நானா பக்கம்.

இன்னும் இரண்டு சில்லறைக் கதை. எங்கள் பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன, அதாவது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான்; எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் இல்லை. அவற்றை ஏஐயில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் அதற்குத் தெரிந்தது. ஒரு தடவை அது அந்தக் குப்பையை வாசித்துவிட்டு இல்லாத ஒரு கடிதத்துக்கு அழகான சுருக்கம் எழுதிக் கொடுத்தது. மாற்றியை வைத்து எல்லாவற்றையும் யுனிகோடுக்குக் கொண்டுவரவே ஒரு மாதம் போனது, ஏஐ திட்டத்தில் நாங்கள் செய்த மிகப் பிரயோசனமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். மற்றது, டிரைவர்மார் அனுப்பும் வொய்ஸ் மெசேஜ். ஒரே வசனத்தில் மூன்று மொழியும், பின்னால் லொறி ஹோர்னும். அதை எழுத்தாக்கும் முயற்சியைக் கைவிட்டோம். அவர்களுக்குப் போன் எடுத்துப் பேசுவது இலகு.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: எத்தனை சதவீதம் முன்னேற்றம் என்று என்னிடம் முதலாளியும் கேட்கிறார். என்னிடம் இருப்பது ஒரு நோட்டில் எழுதிய கணக்கு. ஐந்து மேசை மூன்றாகியிருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு மேல் லைட் எரிகிற நாள் குறைந்திருக்கிறது. மூன்றாவது மாதத்தில், தான் அனுப்பிய ஈமெயிலில் ஏஐ தேதியை மாற்றிவிட்டது, டெமரேஜ் வரப் போகிறது என்று ஒரு பையன் தானாக என் அறைக்கு வந்து சொன்னான். முன்பென்றால் சொல்லியிருக்க மாட்டான், வாடிக்கையாளர் கத்தும்போதுதான் எனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் போட்டுச் சரிசெய்தோம்.

இவ்வளவு சொல்லியும் ஒன்று பாக்கி. இப்போது சேருகிற பிள்ளைகள் பைலைத் தூக்கிக்கொண்டு மெயின் வீதியில் வெயிலில் அலையாமல், திட்டு வாங்காமல், ஒரு வருஷத்தில் நல்ல வேலைக்காரர் ஆகிவிடுகிறார்கள். இருபது வருஷம் கழித்து “இவர் ஒரு கேள்வியும் கேக்கல்லயே” என்று சொல்ல அவர்களில் யாராவது இருப்பார்களா? அதனால் புதியவர்களை முதல் மூன்று மாதம் ஏஐ இல்லாமல் நானாவுடன் சுங்கத்துக்கு அனுப்புகிறேன். முதலாளிக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது, பிள்ளைகளுக்குத் தண்டனையாகத் தெரிகிறது. எனக்கும் முழு நிச்சயம் இல்லை.

ஒரு வருஷக் கெடு அடுத்த மாதம் முடிகிறது. தங்கச்சி போன கிழமை என் மேசையைக் கடக்கும்போது காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் விலகிப் போயிருக்கிறார்கள், அந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டாம் என்கிறார் முதலாளி. யாரையும் அனுப்பவில்லைதானே, வாக்கு மீறவில்லைதானே என்கிறார். இன்னொரு வருஷத்துக்கான கடிதத்தை டைப் பண்ணி வைத்திருக்கிறேன், காலியான இடங்களையும் அதில் சேர்த்து. முதலாளி சீனாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.